வாசகர் கேள்விகள்: உலோகம் படியும் இடமும் படியாத இடமும்

மென்படலங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பரப்பின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு அளவுக்குப் பூச்சு இருந்தாலும் உலோகம் அங்கே படிய மறுத்துவிடும் என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதப்பட்டிருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பிளாஸ்டிக் பையில் பதிந்த பழைய கைரேகையை, தங்கத்தையும் துத்தநாகத்தையும் ஆவியாக்கிப் படியவைத்து வெளிக்கொண்டுவருகிறார்கள் என்று படித்தேன். துத்தநாகம் ரேகையின்மேல் ஒட்டாமல் மற்ற இடங்களில் மட்டும் ஒட்டுவது ஏன்? கண்ணுக்கே தெரியாத விரல் எண்ணெய் உலோகத்தைத் தடுத்துவிடுமா? (மதுரை வாசகர்)

பதில்: தடுத்துவிடும். ஆனால் அதன் வழி சற்றுச் சுற்றுவழி. விரல் எண்ணெயின் முக்கியமான வேலை தங்கத்தை உள்ளே இழுத்துக்கொள்வதுதான். துத்தநாகம் படியாமல் போவது அதன் விளைவு.

உலோகத்தை வெற்றிடக் கலத்தில் சூடேற்றினால் அதன் அணுக்கள் தனித்தனியாகப் பறந்துவந்து எதிரிலுள்ள பரப்பில் மோதுகின்றன. மோதிய அணு அங்கேயே நின்றுவிடும் என்றுதான் நாம் இயல்பாக எண்ணுகிறோம். உண்மையில் அது பரப்பின்மேல் சிறிது நேரம் அலைகிறது. அந்த நேரத்துக்குள் தன்னைப் போன்ற வேறு அணுக்களையோ, பற்றிக்கொள்ளத்தக்க ஒரு குறைபாட்டையோ சந்தித்தால் தங்குகிறது; சந்திக்காவிட்டால் மறுபடி ஆவியாகிக் கிளம்பிவிடுகிறது. 1916 வாக்கில் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதைக் காட்மியத்தில் கண்டார். கண்ணாடியைச் சுமார் மைனஸ் 90 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தபோது காட்மியம் படிந்தது. அதைவிடச் சூடான கண்ணாடியிலிருந்து ஏறத்தாழ எல்லா அணுக்களும் திரும்பிப் போயின. ஆனால் ஏற்கெனவே காட்மியம் படிந்திருந்த இடத்தில் மட்டும் அது தொடர்ந்து படிந்துகொண்டே இருந்தது.

அணு எவ்வளவு நேரம் தங்கும் என்பது பரப்பு அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தச் சார்பு மிகக் கூர்மையானது. அறை வெப்பநிலையில், பிடிப்பாற்றல் 0.3 எலக்ட்ரான் வோல்ட்டாக (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) இருந்தால் அணு ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒரு பங்கு நொடிதான் தங்கும்; அதே ஆற்றல் 0.6 ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி தங்கும். பிடிப்பு இரண்டு மடங்கானால் தங்கும் நேரம் ஒரு லட்சம் மடங்காகிறது. மூலக்கூறு அளவிலான பூச்சு ஒன்று இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்க முடிவதற்குக் காரணம் இதுவே. வந்துசேரும் அணு, தான் தொடும் மேற்பரப்பின் பிடிப்பைத்தான் பெரிதும் உணர்கிறது. அதற்கு வெகு கீழே பிளாஸ்டிக் இருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா என்பதால் அதற்கு அதிக வேறுபாடு இல்லை.

இனி உங்கள் கைரேகைக்கு வருவோம். துத்தநாகம் எளிதில் ஆவியாகும் உலோகம். வெறும் பிளாஸ்டிக்கின்மேல் அது எளிதில் தங்காது. எனவே முதலில் மிகமிகச் சிறிதளவு தங்கத்தை ஆவியாக்குகிறார்கள். அது முழுப் படலமாகக்கூட ஆவதில்லை. சில அணுக்கள் சேர்ந்த நுண்திரள்களாகப் பை முழுவதும் தூவினாற்போல் அமர்கிறது. ரேகை இல்லாத இடத்தில் இந்தத் திரள்கள் பரப்பின்மேலேயே நிற்கின்றன. ரேகையின் கொழுப்பில் விழுந்தவையோ உள்ளே அமிழ்ந்துவிடுகின்றன. அடுத்து வரும் துத்தநாகம், வெளியே தெரியும் தங்கத் திரள்களை விதையாகக் கொண்டு அங்கே மட்டும் வளர்கிறது. முடிவில் பையின் பரப்பு சாம்பல் நிற உலோகப் பளபளப்புப் பெற, ரேகைக் கோடுகள் உலோகமின்றித் தெளிவாக நிற்கின்றன.

1960களின் பிற்பகுதியில் பிரான்சில் தொடங்கிய இம்முறையை, 1970களில் பிரிட்டனின் காவல்துறை ஆய்வாளர்கள் தங்கம், துத்தநாகம் என்ற இரட்டை வடிவில் வளர்த்தெடுத்தார்கள். பல ஆண்டுகள் பழைய ரேகைகளும் இதில் தெரிவதுண்டு. தங்கத்தின் அளவு சற்றுத் தவறினாலோ, பிளாஸ்டிக்கின் வகை மாறினாலோ படம் தலைகீழாகி, ரேகையின்மேல் துத்தநாகமும் சுற்றிலும் வெறுமையும் தோன்றுவதுண்டு என்பதால், இதைச் செய்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டவேண்டியிருக்கிறது.

கேள்வி: மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கெட்டுப்போன கண்டன்சர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளிபோல் மின்னும் பிளாஸ்டிக் நாடா சுருளாக இருந்தது. அதன் ஒரு விளிம்பில் மட்டும் நீளவாக்கில் உலோகமே இல்லாத கோடு ஒன்று நேராகப் போகிறது. அவ்வளவு நேராக எப்படித் துடைக்கிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: துடைப்பதில்லை, அந்தக் கோட்டில் உலோகம் படியவே இல்லை. சென்ற கேள்விக்கான பதில் ஆய்வகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு உங்கள் கண்டன்சரே சான்று.

அந்த நாடா சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிபுரோப்பிலீன். அதன்மேல் உள்ள அலுமினியமோ துத்தநாகமோ சில பத்து நானோமீட்டர்தான். வெற்றிடக் கலத்துக்குள் நாடா மிக வேகமாக ஓடும்போது, உலோக ஆவிக்கு எதிரே வருவதற்குச் சற்று முன்னால், ஒரு குறுகிய துளைவாய் வழியாக எண்ணெய் ஆவியை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். எண்ணெய் பட்ட பட்டையில் உலோகம் நிற்பதில்லை. இதற்குப் பெரும்பாலும் ஃபுளூரின் மிகுந்த எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். ஒருபுறம் அதன் பரப்பு உலோக அணுவைப் பிடிப்பதே இல்லை. மறுபுறம் உலோகத்தின் வெப்பத்தில் எண்ணெய் தானும் ஆவியாகி, வரும் அணுக்களைக் கிளப்பிக்கொண்டு போகிறது. உலோகப் படிவு முடியும்போது எண்ணெயும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். நாடாவைத் தொட்டால் பிசுக்குத் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

அந்த வெற்றுக் கோடு இல்லாவிட்டால் கண்டன்சரே இல்லை. இரண்டு நாடாக்களைச் சேர்த்துச் சுருட்டும்போது ஒன்றின் வெற்று விளிம்பு ஒருபுறமும் மற்றதன் வெற்று விளிம்பு மறுபுறமும் வரும்படி வைக்கிறார்கள். சுருளின் இரு முனைகளிலும் உருக்கித் தெளிக்கும் உலோகம் ஒவ்வொரு புறமும் ஒரே நாடாவின் படலத்தைத்தான் தொடும். கோடு சற்றுக் கோணினாலோ, அதில் உலோகத் துகள் தங்கினாலோ, இரண்டு படலங்களும் விளிம்பில் நெருங்கிப் பொறி பறக்கும். அடுத்த முறை ஒன்றைப் பிரிக்கும்போது இரண்டு நாடாக்களையும் தனித்தனியே விரித்து, எதிரெதிர் விளிம்புகளைப் பாருங்கள். பிரிப்பதற்கு முன் அதில் மின்னேற்றம் மிச்சமில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததும் இதுவும் ஒன்றுதானே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அப்படிச் சொல்லத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. இலையில் உருள்வது கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்த துளி. அது தொடர்ந்து இலையின்மேல்தான் இருக்கிறது. இங்கே அணு ஒன்றொன்றாக வந்து, துளியாகச் சேர்வதற்கு முன்பே பரப்பை விட்டுப் போய்விடுகிறது. இரண்டிலும் பரப்பின் ஈர்ப்புக் குறைவு என்ற அளவில்தான் உறவு. உலோகம் ஒருமுறை திரளாகச் சேர்ந்துவிட்டால், எவ்வளவு ஒட்டாப் பரப்பானாலும் அது அங்கேயே வளரத் தொடங்கும்.

கேள்வி: இயற்பியல் முதுகலை பயில்கிறேன். தானே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் ஒற்றை மூலக்கூறு அடுக்குகளைக் கொண்டு கணினிச் சில்லுத் தயாரிப்பில் உலோகப் படிவைக் கட்டுப்படுத்துவதாக வகுப்பில் கூறினார்கள். நீங்கள் சொல்லும் எண்ணெய்ப் பட்டையும் அந்த அடுக்கும் ஒரே கோட்பாட்டில்தான் இயங்குகின்றனவா? (சென்னை வாசகி)

பதில்: நோக்கம் ஒன்று, இயங்கும் முறை வேறு. இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் பலவும் தெளிவாகச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அடுக்கு எது என்று பார்ப்போம். ஒரு முனையில் பரப்பைப் பற்றும் வேதித் தொகுதியும், நடுவில் நீண்ட கார்பன் சங்கிலியும், மறுமுனையில் வெளியே தெரியும் தொகுதியும் கொண்ட மூலக்கூறுகள் அவை. 1980இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த யாக்கோப் சாகிவ், 18 கார்பன் கொண்ட சிலேன் (சிலிக்கானைத் தலையாகக் கொண்ட சேர்மம்) மூலக்கூறுகள் கண்ணாடி போன்ற பரப்புகளில் தாமாக நெருங்கி அடுக்கிக்கொள்வதைக் காட்டினார். 1983இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரால்ஃப் நுஸ்ஸோவும் டேவிட் அலாராவும் கந்தகத் தலை கொண்ட மூலக்கூறுகளைத் தங்கத்தின்மேல் அடுக்கினார்கள். இந்த அடுக்குகளின் தடிமன் இரண்டு நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். சிலேன் ஆக்சைடுப் பரப்பைத் தேடுகிறது, கந்தகத் தலை தங்கத்தையும் செம்பையும் தேடுகிறது. எந்தத் தலையைத் தேர்கிறோமோ அதற்கேற்ப, சில்லின் எந்தப் பகுதி மூடப்படும் என்பது வரைபடமோ முகமூடியோ இன்றியே தீர்மானமாகிவிடுகிறது.

சில்லுத் தயாரிப்பில் இந்த அடுக்கு பெரும்பாலும் தடுப்பது வேதிவினையை. 1974இல் பின்லாந்தில் துவோமோ சுந்தோலா உருவாக்கிய அணு அடுக்குப் படிவு முறையில் இரண்டு வாயுக்களை மாற்றி மாற்றி உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொன்றும் பரப்பிலுள்ள வினைத் தொகுதிகளோடு மட்டும் சேர்ந்து, அவை தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. சிலிக்கான் ஆக்சைடுப் பரப்பில் அந்த வினைத் தொகுதிகள் ஹைட்ராக்சில்கள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள். சிலேன் அடுக்கு அவற்றையெல்லாம் தீர்த்துவிட்டு, வெளியே வினைபுரியாத மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த) முனைகளை நீட்டிக்கொண்டு நின்றால், உள்ளே வரும் வாயுவுக்குச் சேர்வதற்கு இடமே இல்லை. 1995இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நூ லி ஜியோன், நுஸ்ஸோ ஆகியோரின் குழு, ரப்பர் முத்திரையால் சிலேனை அச்சிட்டு, அச்சிடாத இடங்களில் மட்டும் செம்பு வளரும்படி செய்தது. அது அணு அடுக்குப் படிவு அன்று, அதற்கு நெருங்கிய, வாயுவைத் தொடர்ந்து செலுத்திப் பரப்பில் வினைபுரியவைக்கும் வேதி ஆவிப்படிவு. பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டேசி பென்ட் குழு இதே வழியை அணு அடுக்குப் படிவுக்கு விரிவாக்கிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். தங்கத்தின்மேல் அடுக்கிய இதே போன்ற மெத்தில் அடுக்கின்மேல் வெற்றிடத்தில் வெள்ளியையோ செம்பையோ நேரடியாக ஆவியாக்கிப் பாய்ச்சினால், தடுப்பு அவ்வளவு சிறப்பாக இருப்பதில்லை. அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே நுழைந்து கீழேயுள்ள தங்கத்தையே அடைந்துவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாயு மூலக்கூறு பருமனானது, வினைபுரியத் தொகுதி தேடுவது. தனி அணுவோ சிறியது, சிறிய இடைவெளியும் அதற்குப் போதும். ஆகவே ஒற்றை அடுக்கு வேதிவினைக்கு நல்ல தடை, தனி அணுவுக்குச் சுமாரான தடை என்பது என் கணிப்பு. தனி அணுவைத் தடுக்க, இடைவெளி இருந்தாலும் பிடிப்பே இல்லாத ஃபுளூரின் பரப்புதான் ஏற்றது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி அணுக்களைப் பலவகைப் பாலிமர்களில் படியவைத்து அளந்தபோது, சில பாலிமர்களில் ஏறத்தாழ எல்லா அணுக்களும் தங்கின. டெஃப்லான் வகை ஒன்றிலோ ஆயிரத்துக்கு இரண்டு போன்ற விகிதமே தங்கியது. குரோமியம் போன்ற வினைத்திறன் மிக்க உலோகங்களிடம் இந்த வேறுபாடெல்லாம் செல்லாது. அவை கிட்டத்தட்ட எதிலும் ஒட்டிக்கொள்ளும்.

எந்தத் தடுப்பும் ஓர் எல்லை வரையில்தான். தடுக்கப்பட்ட பரப்பில் ஒரே ஒரு குறைபாட்டில் ஒரு திரள் உருவானாலும் அதன்பின் வரும் அணுக்களுக்கு அது விதை. ஆகவே ஐந்து நானோமீட்டர் படலத்துக்குக் குறையில்லாமல் வேலை செய்யும் அடுக்கு, ஐம்பது நானோமீட்டருக்குள் கைவிட்டுவிடலாம். தொழிற்சாலையில் இதற்குத் தீர்வு, சிறிது படியவைத்துச் சிறிது அரித்தெடுத்து, மீண்டும் தடுப்பைப் புதுப்பித்து, அதையே திரும்பத் திரும்பச் செய்வது. நல்ல சிலேன் அடுக்கு கரைசலில் உருவாக ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம் என்பதால், இப்போது நீண்ட சங்கிலிகளைக் கைவிட்டு, நொடிகளில் வாயுவாகவே செலுத்தக்கூடிய சிறிய சிலேன் மூலக்கூறுகளுக்குச் சில்லுத் துறை திரும்பியிருக்கிறது. அழகில் குறைவு, வேகத்தில் நிறைவு.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுனையை மாற்றினால் அதே வகை மூலக்கூறு உலோகத்தை வரவேற்கவும் செய்யும். ஒருபுறம் சிலேனும் மறுபுறம் கந்தகமும் கொண்ட மூலக்கூறைக் கண்ணாடியில் அடுக்கினால், வெறும் கண்ணாடியில் உரிந்துவரும் தங்கப் படலம் உறுதியாக நிற்கிறது.

கேள்வி: ஒளியைக் கொண்டே உலோகம் படியும் இடத்தைத் தீர்மானிக்க முடியும் என்கிறார்களே? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: முடியும். ஜப்பானின் ஒசாகா கியோய்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுயோஷி சுஜியோக்கா குழு 2008இல் இதைக் காட்டியது. டைஅரைல் ஈத்தீன் என்னும் மூலக்கூறு நிறமற்றது. புறஊதா ஒளி பட்டால் நிறம் பெறும், கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால் மறுபடி நிறமிழக்கும். அதன் படலத்தில் புறஊதா ஒளியால் ஓர் உருவை வரைந்துவிட்டு மெக்னீசியம் ஆவியைப் பாய்ச்சினால், நிறம் பெற்ற இடங்களில் மெக்னீசியம் படிகிறது, நிறமற்ற இடங்களில் படிவதில்லை. நிறமற்ற நிலையில் படலத்தின் மேற்பரப்பு அறை வெப்பநிலையிலேயே இளகிய தன்மையோடு இருப்பதால் மெக்னீசியம் அணுக்கள் நிலைகொள்ளாமல் அலைந்து வெளியேறிவிடுகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

மெக்னீசியத்தின் இந்தக் குணம் கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. தானே ஒளிரும் கரிமப் பொருளாலான ஓஎல்இடி திரையின்மேல் மெக்னீசியமும் வெள்ளியும் கலந்த மிக மெல்லிய மின்முனை பரவியிருக்கும். திரைக்கு அடியில் கேமரா வைக்க வேண்டுமானால், ஒளியை மறைக்கும் அந்த உலோகம் கேமராவுக்கு மேலே இருக்கக் கூடாது. கனடாவிலுள்ள ஓடிஐ லூமியோனிக்ஸ் நிறுவனம், உலோகம் வேண்டாத இடங்களில் முன்கூட்டியே ஒரு கரிமப் பொருளைப் படியவைத்து அங்கே மின்முனை உருவாகாமல் தடுக்கும் பொருள்களைத் தயாரிக்கிறது. லேசரால் உலோகத்தை எரித்து நீக்குவதோடு ஒப்பிட்டால், கீழேயுள்ள மென்மையான அடுக்குகளுக்கு இது எவ்வளவோ பாதுகாப்பானது.

கேள்வி: படியாமல் திரும்பும் உலோகம் எங்கே போகிறது? அது வீண்தானே? (திருப்பூர் வாசகர்)

பதில்: வெற்றிடக் கலத்தின் சுவரிலும் அதற்காகவே பொருத்தப்பட்ட தகடுகளிலும் போய்ப் படிகிறது. ஆவியாக்கும் உலோகத்தின் அளவு இதனால் குறைவதில்லை. அந்த வகையில் உங்கள் ஐயம் சரியே. ஆனால் மாற்று வழியை எண்ணிப்பாருங்கள். எங்கும் உலோகத்தைப் பூசி, ஒளியால் முகமூடி வரைந்து, வேண்டாத பகுதியை அமிலத்தில் கரைத்தால், அந்த உலோகம் கழிவுநீரில் போகிறது. தகட்டில் படிந்ததோ உலோகமாகவே இருக்கிறது. சுரண்டி எடுத்து மறுபடி உருக்கலாம். சாயக் கழிவோடு வாழும் ஊரிலிருந்து எழுதும் உங்களுக்கு இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் ராஸ் ஹாட்டன், சில்வியா வராஞோலோ ஆகியோரின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்த நோக்கில் முக்கியமானது. ஃபுளூரின் கொண்ட கரிமச் சேர்மத்தை மிக மெல்லிய அடுக்காக அச்சிட்டு, அதன்மேல் வெள்ளி ஆவியையோ செம்பு ஆவியையோ பாய்ச்சினார்கள். அச்சிட்ட இடத்தில் உலோகம் படியவில்லை. சூரிய மின்கலங்களுக்கு வேண்டிய, ஒளி புகும் கண்ணிகள் கொண்ட மின்முனைகளை அரிப்பு வேலையே இன்றி இப்படிச் செய்ய முடிகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இயற்கையில் எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்களுக்கு எதிராக ஐரோப்பாவில் கட்டுப்பாடுகள் நெருங்கிவருகின்றன. 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் அவற்றைப் பரவலாகத் தடைசெய்யும் முன்மொழிவை அளித்தன. சில நானோமீட்டர் அடுக்குக்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறிது என்றாலும், விதிமுறை அளவைப் பார்த்து விலக்களிக்கும் என்று நம்பித் தொழிலை அமைப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. ஃபுளூரின் இல்லாத, ஆனால் பிடிப்புக் குறைந்த பரப்புகளை இப்போதே தேடுவது நல்லது.

கேள்வி: எங்கள் கல்லூரியில் வெற்றிடக் கருவி இல்லை. இதை மாணவர்களுக்குக் காட்ட எளிய வழி உண்டா? (திருநெல்வேலி ஆசிரியர்)

பதில்: ஆவிப்படிவைக் காட்ட முடியாது, பரப்பின் நிலைதான் படிவைத் தீர்மானிக்கிறது என்பதை வெள்ளிக் கண்ணாடிச் சோதனையிலேயே காட்டலாம். கண்ணாடித் தகட்டை நன்றாகக் கழுவி, ஒரு பாதியை மட்டும் நீர்த்த வெள்ளீயக் குளோரைடுக் கரைசலில் நனைத்து அலசுங்கள். மறுபாதியில் விரலைத் தலையில் தேய்த்து அழுத்தி ரேகை ஒன்றைப் பதியுங்கள். பிறகு தகடு முழுவதையும் டாலன்ஸ் வினைப்பொருளும் (அமோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல்) குளுக்கோசும் கலந்த கரைசலில் வையுங்கள். வெள்ளீயம் பட்ட பாதியில் வெள்ளி விரைவாகவும் சீராகவும் படியும். ரேகை உள்ள இடத்தில் படலம் திட்டுத்திட்டாகக் கெடும். டாலன்ஸ் வினைப்பொருளைத் தேவையான அளவு மட்டும் அவ்வப்போது தயாரித்து, வேலை முடிந்தவுடன் நீர்த்த அமிலம் சேர்த்துக் கொட்டிவிடுங்கள். மிச்சத்தைப் புட்டியில் அடைத்து வைத்தால் நாளடைவில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும்.